கிருஷ்ணையின் இரவு வலை: நீர்த்தேக்கக் கெண்டை மீன் தொழிலின் பொருளாதாரம்

ஹைதராபாத் நகரிலிருந்து சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில், கிருஷ்ணா நதியின் குறுக்கே நாகார்ஜுனசாகர் அணை அமைந்துள்ளது. 1955 டிசம்பர் 10ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அடிக்கல் நாட்டிய இந்த அணையிலிருந்து 1967ஆம் ஆண்டில் பாசனக் கால்வாய்களுக்கு நீர் திறந்துவிடப்பட்டது. பாசனத்திற்கும் மின் உற்பத்திக்கும் இந்த அணை அளித்துள்ள பயன் பலமுறை எடுத்துரைக்கப்பட்டுள்ளது. அதே நீர்ப்பரப்பில் ஒவ்வோர் இரவும் நடைபெற்று வரும் மீன்பிடித் தொழில் அந்த அளவிற்குப் பேசப்படவில்லை.

மாலையில் வெயில் தாழ்ந்ததும் கரையோரக் குடியிருப்புகளிலிருந்து பரிசல்கள் புறப்படுகின்றன. தெலுங்கில் இதனைப் 'புட்டி' என்பர். முற்காலத்தில் மூங்கிற் சட்டத்தின்மீது எருமைத் தோலைப் போர்த்திச் செய்யப்பட்ட இவ்வட்டப் படகு, இப்பொழுது பெரும்பாலும் கண்ணாடி இழையினால் ஆனது. ஒருவர் துடுப்பு வலிக்க, மற்றொருவர் வலையை மடிப்பு மடிப்பாக நீரில் இறக்குகிறார். பல குடும்பங்களில் அவ்விருவரும் கணவனும் மனைவியுமே. அணை கட்டப்பட்ட காலத்தில் விசாகப்பட்டினம் பகுதியிலிருந்து வந்தவர்கள் நிலையாகக் குடியேறிய ஓர் ஊர் நல்கொண்டா மாவட்டத்தில், நீர்த்தேக்கத்தின் கரையில் இன்றும் 'வைசாக் காலனி' என்றே வழங்கப்படுகிறது. ஆற்றை அணையாக்கிய திட்டம், வெகு தொலைவிலிருந்து மக்களை வரவழைத்து ஆற்றுக் குடிகளாகவும் ஆக்கிவிட்டது எனலாம்.

இவர்கள் பயன்படுத்துவது செவுள் வலை. மேற்கயிற்றில் மிதவைகளும் கீழ்க்கயிற்றில் எடைக்குண்டுகளும் கட்டப்பட்டு, நீரினுள் ஒரு திரைச்சீலை போல இவ்வலை தொங்கும். எதிரே வரும் மீன் தலையை வலைக்கண்ணில் நுழைக்கிறது. உடல் பருத்திருப்பதால் முன்னே செல்ல இயலாது; பின்வாங்கினால் செவுள் மூடி நூலில் சிக்கிக் கொள்கிறது. மீனைத் துரத்திச் செல்லும் வலையன்று இது; மீன் தானே வந்து சேரவேண்டிய வலை. ஆகவே மீனின் கண்ணுக்கு அது புலப்படாதிருப்பது அவசியம். நீர் தெளிந்த நீர்த்தேக்கத்தில் பகல் வெளிச்சத்தில் கெண்டை மீன் வலையைக் கண்டு விலகிச் செல்லும். இருளில் அந்த எச்சரிக்கை அதற்கு இல்லை. நிலவு காயும் இரவுகளைவிட அமாவாசையை ஒட்டிய இரவுகளில் பிடிப்பு மிகுதி என்று மீனவர்கள் கூறுவதும் இக்காரணம் பற்றியே. பருத்தி நூல் வலைகள் இருந்த காலத்தில், அவை அழுகாதிருக்க அவற்றைப் பட்டைச்சாயத்தில் தோய்த்து அடிக்கடி உலர்த்த வேண்டியிருந்தது. நைலான் வந்த பின் அந்த உழைப்பு மிஞ்சியதுடன், நூல் மெலிந்து மீனின் பார்வைக்கு மேலும் எட்டாததாயிற்று.

மீன் எங்கிருந்து வருகிறது?

வலையில் அகப்படும் மீன்களுள் விலைமதிப்பு மிக்கவை கட்லா, ரோகு, மிர்கால் என்னும் மூன்று பெருங்கெண்டைகள். தமிழகத்தில் கட்லாவைத் தோப்பா மீன் என்பதும் உண்டு. தெலுங்கு மக்கள் இவற்றை முறையே பொச்செ, சீலாவதி, எர்ரமோசு என அழைக்கின்றனர். கட்லா மேல்மட்ட நீரில் நுண்ணுயிர்களை உண்கிறது. ரோகு இடைமட்டத்திலும் மிர்கால் அடித்தரையிலும் இரை தேடுகின்றன. ஒன்றின் உணவை மற்றொன்று பெரிதும் பறிக்காததால் மூன்றையும் ஒரே நீரில் வளர்ப்பது இலாபகரமானது.

ஆனால் இம்மீன்களுக்கு ஓர் இயல்பு உண்டு. தேங்கிய நீரில் இவை வளரும், முட்டையிடுவதில்லை. பருவமழையில் ஆறு பெருகிக் கரையோரத் தாழ்நிலங்களில் புதுவெள்ளம் பரவும்பொழுதுதான் இனப்பெருக்கம் செய்கின்றன. அணைகள் அடுக்கடுக்காக எழுந்துள்ள ஆற்றில் இதற்கான வாய்ப்பு சுருங்கிவிடுகிறது. நாகார்ஜுனசாகருக்கு மேலே ஸ்ரீசைலம் அணை நிற்கிறது; கீழே புலிச்சிந்தலா. மேலணையில் மதகு திறக்கும் நாளைப் பொறுத்தே வெள்ளம். ஆகவே நீர்த்தேக்கத்தில் பிடிபடும் கெண்டைகளில் பெரும்பகுதி யாரோ ஒருவர் குஞ்சாகக் கொண்டுவந்து விட்டதாகவே இருக்கவேண்டும். ஆற்று மீன் என்று சந்தையில் விற்கப்படுவது உண்மையில் ஒரு முதலீட்டின் விளைச்சல்.

மீன்குஞ்சுகளைப் பெறுவதும் ஒரு காலத்தில் எளிதாக இருக்கவில்லை. கங்கையிலும் அதன் கிளையாறுகளிலும் வெள்ளக்காலத்தில் மிதந்து வரும் குஞ்சுகளை வலையில் அள்ளி, பானைகளில் இரயிலேற்றி அனுப்பி வந்தனர். நல்ல இனமும் வேண்டாத இனமும் அதில் கலந்திருக்கும். 1957 ஜூலை 10ஆம் நாள் ஒரிசாவின் அங்குல் என்னுமிடத்தில் டாக்டர் ஹிராலால் சௌதுரியும் டாக்டர் கே. எச். அலிக்குன்ஹியும் கெண்டை மீனின் மூளையடிச் சுரப்பியிலிருந்து எடுத்த சாற்றை ஊசி மூலம் செலுத்தி, தேங்கிய நீரிலேயே முட்டையிடச் செய்து வெற்றி கண்டனர். நாடெங்கும் ஜூலை 10 மீன் வளர்ப்போர் நாளாகக் கொண்டாடப்படுவது இதன் நினைவாகவே.

இந்தப் பணியும் இரவிற்குரியதே என்பது கவனிக்கத்தக்கது. பழைய முறைப்படி, மாலையில் பெண்மீனுக்கு முதல் ஊசி. ஏறக்குறைய ஆறு மணி நேரம் கழித்து இரண்டாம் ஊசி. அப்பொழுதே ஆண்மீன்களுக்கும் ஓர் ஊசி. விடியுமுன் முட்டையிடல் நிகழும். இப்பொழுது செயற்கை இயக்குநீர் மருந்துகள் கிடைப்பதால் ஒரே ஊசி போதும் என்றாலும், மாலையில் தொடங்கி விடியலில் முடியும் வேலைமுறை மாறவில்லை. எடையில் ஒரு கிலோவிற்கு ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட முட்டைகள் கிடைக்கும். குஞ்சு பொரிப்பகத்தில் ஊழியர் விழித்திருக்கும் இரவொன்று இருந்தாலன்றி, ஓராண்டுக்குப் பின் பரிசலில் செல்பவனின் இரவு பலனளிக்காது.

எண்ணிக்கையா, அளவா?

முட்டையிலிருந்து வெளிவரும் நுண்குஞ்சை நேரே நீர்த்தேக்கத்தில் விடுவதால் பயனில்லை. வாளை, விரால் போன்ற ஊனுண்ணி மீன்களுக்கு அது இரையாகிவிடும். நாற்றங்கால் குளங்களில் வளர்த்து, விரலளவு வளர்ச்சியடைந்த பின் விடவேண்டும். 'விரலிகள்' என்று மீன்வளத்துறையினர் குறிப்பிடுவது இவற்றையே. தெலங்கானா அரசு 2016-17இல் தொடங்கிய இலவச மீன்குஞ்சு வழங்கும் திட்டத்தில் இரண்டு அளவுகள் வகுக்கப்பட்டன. பருவகால ஏரிகளுக்கு 35 முதல் 40 மில்லிமீட்டர். நீர்த்தேக்கங்களுக்கும் ஆண்டு முழுதும் நீர் நிற்கும் ஏரிகளுக்கும் 80 முதல் 100 மில்லிமீட்டர். இவ்வேறுபாடு முற்றிலும் சரியானது. ஆனால் ஏட்டிலுள்ள மில்லிமீட்டர் கரையில் இறங்கும் மில்லிமீட்டராக இருக்கவேண்டும் என்பதே வினா.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். இதிலுள்ள எண்கள் விளக்கத்திற்காகக் கொள்ளப்பட்டவையே. சிறு குஞ்சின் விலை ஒரு ரூபாய் என்றும், நூறு விட்டால் ஐந்து வலைக்கு எட்டும் என்றும் வைத்துக்கொள்வோம். பிடிபடும் ஒவ்வொரு மீனுக்கும் குஞ்சுச் செலவு ரூ.20 ஆகிறது. பெரிய விரலியின் விலை மூன்று ரூபாய். நூற்றுக்கு 25 பிழைக்கிறது. இங்கே செலவு மீனொன்றுக்கு ரூ.12. விலை மும்மடங்காக இருந்தும் பெரிய விரலியே மலிவு. இந்தக் கணக்கு மீனவருக்கு விளங்காததன்று. ஆனால் திட்ட அறிக்கையில் 'இத்தனை இலட்சம் குஞ்சுகள் விடப்பட்டன' என்ற ஒரே இலக்கு இருக்குமானால், சிறிய குஞ்சும் பெரிய விரலியும் தலைக்கு ஒன்றாகவே எண்ணப்படும். இலக்கை எண்ணிக்கையில் மட்டும் வகுப்பது சிறிய குஞ்சை ஊக்குவிப்பதாகும். எண்ணும் முறையும் தோராயமானதே. ஒரு சல்லடைக் கிண்ணத்தில் அடங்கும் குஞ்சுகளை ஒருமுறை எண்ணி, பின் கிண்ணங்களை எண்ணிப் பெருக்குவர். முதற் கிண்ணத்தை யார் எண்ணுகிறார்கள், அருகில் மீனவர் சங்கத்தின் பிரதிநிதி நிற்கிறாரா, அளவுகோல் வைத்து நீளம் பார்க்கப்பட்டதா என்பன சிறு விஷயங்களாகத் தோன்றலாம். அடுத்த ஆண்டின் வருமானம் அவற்றில்தான் அடங்கியுள்ளது.

காலமும் அவ்வாறே. ஆகஸ்டு, செப்டம்பர் மாதங்களில் விடவேண்டிய குஞ்சு ஒப்பந்தச் சிக்கலால் டிசம்பரில் வந்து சேருமானால், வளர்ச்சிக்கேற்ற மாதங்கள் கழிந்து, கோடையில் நீர் வற்றும்பொழுது மீன் அரைக்கிலோவும் தேறாது.

நீர்த்தேக்கங்களின் நிலையை அகில இந்திய அளவில் ஆராய்ந்து வி. வி. சுகுணன் எழுதிய நூலை ஐக்கிய நாடுகளின் உணவு வேளாண்மை நிறுவனம் 1995இல் வெளியிட்டது. நாட்டிலுள்ள நீர்த்தேக்கங்களின் பரப்பு ஏறத்தாழ 31.5 இலட்சம் ஹெக்டேர் எனவும், ஆண்டு விளைச்சல் ஹெக்டேருக்குச் சிறிய நீர்த்தேக்கங்களில் சுமார் 50 கிலோ, நடுத்தர நீர்த்தேக்கங்களில் 12 கிலோ, பெரியவற்றில் 11 கிலோ எனவும் அதில் கணக்கிடப்பட்டிருந்தது. நன்கு பேணப்படும் குளத்தில் ஹெக்டேருக்கு டன் கணக்கில் மீன் கிடைக்கிறது. குளத்தில் தீனியிடுகிறோம், நீர்த்தேக்கத்தில் இடுவதில்லை, ஆகவே இரண்டையும் நேருக்கு நேர் ஒப்பிடுவது முறையன்று. எனினும் இடைவெளி இவ்வளவு பெரிதாக இருக்கவேண்டியதில்லை என்பதைத் தமிழகத்தின் ஆழியாறு நீர்த்தேக்கம் காட்டியுள்ளது. சுமார் 650 ஹெக்டேர் பரப்புள்ள அங்கு, எண்பதுகளில் மத்திய உள்நாட்டு மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் ஆலோசனைப்படி பெரிய விரலிகள் விடப்பட்டன. சிறு மீன் பிடிப்பது தடுக்கப்பட்டது. வலைக்கண் கட்டுப்பாடு உண்மையாகவே கடைப்பிடிக்கப்பட்டது. 30 கிலோவிற்கும் குறைவாக இருந்த ஹெக்டேர் விளைச்சல் சில ஆண்டுகளில் 190 கிலோவை எட்டியது. புதிய இயந்திரமோ அயல்நாட்டு இனமோ அதற்குத் தேவைப்படவில்லை.

வலைக்கண்ணும் பொறுமையும்

நீர்த்தேக்கத்தில் கட்லா நன்கு வளர்ந்தால் ஓராண்டில் ஒரு கிலோவைத் தாண்டும். 400 கிராம் எடையில் பிடித்து, கிலோ ரூ.80 வீதம் விற்றால் ரூ.32 கிடைக்கும் என்று கொள்வோம். ஆறு மாதம் விட்டுவைத்து ஒன்றரைக் கிலோவாகப் பிடித்தால், பெரிய மீனுக்குக் கிடைக்கும் ரூ.120 விலையில் ரூ.180. இடையில் மூன்றில் ஒரு பங்கு மீன் இறந்தாலும் காத்திருப்பதே ஆதாயம். அப்படியிருக்க, மீனவர் ஏன் சிறுகண் வலையை இறக்குகிறார்? அறியாமையால் என்று கூறுவது எளிது, சரியன்று. தான் விட்டுவைக்கும் மீனை அடுத்த பரிசல் பிடித்துவிடும் என்பதை அவர் அறிவார். பொது நீரில் ஒருவரது பொறுமையின் பலன் மற்றவருக்குப் போய்ச் சேர்கிறது. எல்லோரும் சேர்ந்து பொறுத்தாலன்றி ஒருவர் பொறுப்பது நட்டமே. இதற்காகவே சங்கமும், வலைக்கண் விதியும், இனப்பெருக்க காலத் தடையும் தேவைப்படுகின்றன. வெடி வைத்தும் நஞ்சிட்டும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கியது. சட்டம் பழையது, இரவில் நீர்ப்பரப்பைக் கண்காணிக்கப் படகும் ஆளும்தான் குறைவு.

ஹைதராபாத்தின் வழக்கம் ஒன்று இங்கே குறுக்கிடுகிறது. ஜூன் மாதம் 7 அல்லது 8ஆம் நாளில் வரும் மிருகசீரிடக் கார்த்தியன்று மீன் உண்பது அந்நகர மக்களின் நெடுநாள் மரபு. ஆஸ்துமா நோய்க்கெனச் சிறு விரால் மீனுடன் மருந்து வழங்கப்படுவதும் அந்நாளிலேயே. ராம்நகர், முஷீராபாத், பேகம் பஜார் மீன் சந்தைகளில் அன்று கால் வைக்க இடமிருக்காது; விலையும் உச்சத்தைத் தொடும். தாய் மீன்கள் சினைகொண்டு மழைக்குக் காத்திருக்கும் பருவமும் அதுவே. கோடைத் தாழ்நீரில் எளிதில் அகப்படும் மீனைப் பிடிக்காதிருக்குமாறு மீனவரிடம் கூறுவோர், அந்த ஒரு வாரத்து விலை அவருடைய கடனில் ஒரு தவணையை அடைக்கிறது என்பதையும் எண்ணிப்பார்க்க வேண்டும். தடைக்கால நிவாரணம் என்பது தானமன்று, தடையின் விலை.

விடியற்காலைத் தராசு

நகருக்கு அருகிலுள்ள நீர்நிலைகள் இத்தேவையை நிறைவு செய்ய இயலாது. 1908 செப்டம்பர் 28இல் மூசி நதியில் ஏற்பட்ட பெருவெள்ளத்திற்குப் பின் எழுந்த உஸ்மான் சாகரும் (1920) ஹிமாயத் சாகரும் (1927) குடிநீருக்கும் வெள்ளத் தடுப்புக்குமென அமைந்தவை. நகரைக் கடந்தபின் மூசி நதி கழிவுநீரைச் சுமந்து செல்கிறது. அதில் பிடிக்கும் மீன் மலிவானாலும் உண்ணத் தகுந்ததன்று. எனவே நகரின் மீன் கிருஷ்ணா, கோதாவரி நீர்த்தேக்கங்களிலிருந்தும், அவற்றினும் மிகுதியாகக் கடலோர ஆந்திரத்தின் கொல்லேறு பகுதி வளர்ப்புக் குளங்களிலிருந்தும் பனிக்கட்டியிட்ட லாரிகளில் வந்து சேர்கிறது. சந்தை விலையைத் தீர்மானிப்பது அந்த லாரிகளே.

நீர்த்தேக்க மீனவருக்கு இதில் இரண்டு பாதகங்கள் உண்டு. முதலாவது, மீனின் தரம். குளத்து மீனை விடியற்காலையில் ஒருசேரப் பிடித்து உடனே பனிக்கட்டியில் வைக்கிறார்கள். செவுள் வலையில் இரவு எட்டு மணிக்குச் சிக்கிய மீனோ, மூச்சடைத்து இறந்து, காலை ஐந்து மணி வரை வெதுவெதுப்பான நீரில் தொங்குகிறது. கரைக்கு வரும்பொழுதே தசை தளர்ந்துவிடும். நள்ளிரவில் ஒருமுறை வலையைப் பார்த்து மீனை எடுத்துவிட்டால் இக்குறை பெரிதும் நீங்கும். ஆனால் எடுத்த மீனை வைக்கப் பரிசலில் பனிக்கட்டிப் பெட்டி வேண்டும். பனிக்கட்டி கிடைக்கும் ஊர் கரைக்கு அண்மையில் இருக்கவேண்டும். இல்லாதபோது நள்ளிரவில் துடுப்பு வலிப்பது வீண் உழைப்பாகிறது. கரையில் ஒரு சிறு பனிக்கட்டி நிலையம் அமைப்பது, புதிய வலைகள் வழங்குவதைவிட மீனவர் வருமானத்தை அதிகம் உயர்த்தக்கூடிய இடங்கள் பல உள்ளன.

இரண்டாவது பாதகம் முன்பணம். நைலான் வலை ஓரிரு ஆண்டுகளுக்கு மேல் உழைப்பதில்லை. நீர்த்தேக்கத்தின் அடியில் வெட்டப்படாமல் மூழ்கிய மரங்களின் அடிக்கட்டைகளில் சிக்கிக் கிழிவதும் உண்டு. புதிய வலைக்குப் பணம் வேண்டும். வியாபாரி தருகிறார், வட்டி கேட்பதில்லை. அவர் கேட்பதெல்லாம் பிடிக்கும் மீன் முழுவதையும் தமக்கே, தாம் சொல்லும் விலைக்கு, தம் தராசில் நிறுத்துத் தரவேண்டும் என்பதுதான். சந்தையில் ரூ.120 பெறும் மீனுக்குக் கரையில் ரூ.80 தந்தால், நாளொன்றுக்குப் பத்துக் கிலோ பிடிப்பவர் ரூ.400 இழக்கிறார். மாதத்திற்கு இருபது இரவுகள் எனில் ரூ.8,000. முன்பணம் ரூ.20,000 ஆயின், மூன்றே மாதங்களில் அசலுக்கு மேல் செலுத்தியாயிற்று. அசலோ அப்படியே நிற்கிறது. வட்டியில்லாக் கடன் என்பதன் உட்பொருள் இது. வியாபாரியைக் குற்றம் சாட்டி முடித்துவிடவும் இயலாது. பிணையின்றி, நள்ளிரவில் கேட்டாலும், மகள் திருமணத்திற்கும் மருத்துவத்திற்கும் பணம் தருபவர் அந்தக் கரையில் அவர் ஒருவரே. உழவர் கடன் அட்டை வசதி 2018-19 வரவு செலவுத் திட்டத்தில் மீனவருக்கும் விரிவுபடுத்தப்பட்டது. ஆயினும் நிலப்பட்டா இல்லாத, ஆண்டில் சில மாதம் வேறிடம் பெயரும் குடும்பத்தை வங்கிக் கிளை எளிதில் ஏற்பதில்லை. மீன்பிடி உரிமத்தையே போதிய ஆவணமாகக் கருதவும், சங்கம் பொறுப்பேற்கவும் வகைசெய்யும் இடங்களில்தான் அட்டை கடனாக மாறும்.

உரிமம் யாருக்கு என்பதும் தீராத கேள்வியாக உள்ளது. ஏரி குளங்களைக் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குத்தகைக்கு விடுவதும், பெரிய நீர்த்தேக்கங்களில் கட்டணம் பெற்றுத் தனித்தனி மீனவருக்கு உரிமம் வழங்குவதும் வழக்கம். அரசு இலவசமாகக் குஞ்சு விடத் தொடங்கியபின் நீரின் மதிப்பு உயர்ந்தது. சங்க உறுப்பினராகும் ஆவலும் பெருகியது. பரம்பரையாகத் தொழில் செய்துவரும் சமூகத்தினருக்கும் புதிதாகச் சேர விரும்புவோருக்கும் இடையே பூசல்கள் எழுந்தன. வளம் பெருகும்போது பங்கும் கேட்கப்படும், அதில் வியப்பில்லை. உறுப்பினர் பட்டியலில் பெயருள்ள அனைவரும் வலை வீசுபவர்தாமா, வலை வீசுபவர் அனைவரும் பட்டியலில் உள்ளனரா என்ற எளிய ஆய்வையேனும் ஆண்டுதோறும் நடத்துவது நன்று. பரிசலில் துடுப்பு வலிக்கும் பெண்களின் பெயர்கள் அவ்வாய்வில் விடுபடலாகாது.

தேசிய மீன்வள வளர்ச்சி வாரியம் 2006இல் ஹைதராபாத்தில் நிறுவப்பட்டது. மீன் வடிவில் எழுந்துள்ள அதன் கட்டடத்தை நகரத்தார் அனைவரும் அறிவர். நீர்த்தேக்கங்களில் விரலி விடும் பணிக்கு நிதியுதவி வழங்குவது அதன் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. 2022-23இல் நாட்டின் மொத்த மீன் உற்பத்தியான 175 இலட்சம் டன்னில் 131 இலட்சம் டன் உள்நாட்டு நீரிலிருந்து கிடைத்தது. இதில் பெரும்பங்கு குளத்தினுடையது. நீர்த்தேக்கத்தின் பங்கு அதன் பரப்பிற்கு ஏற்றதாக இன்னும் இல்லை.

இரவு நீரில் உயிருக்கும் பாதுகாப்பு குறைவு. கோடைக்காற்று எதிர்பாராது எழும். மேலணையிலிருந்து நீர் திறக்கப்படுவது எல்லாக் கரைக்கும் உடனே தெரிவதில்லை. வட்டப் பரிசல் அலையில் நிலைகொள்ளாது. 2020 செப்டம்பரில் தொடங்கப்பட்ட பிரதம மந்திரி மத்ஸ்ய சம்பதா திட்டத்தின் கீழ், விபத்தில் உயிரிழக்கும் மீனவரின் குடும்பத்திற்கு ரூ.5 இலட்சம் காப்பீடு உண்டு. நிரந்தரப் பகுதி ஊனத்திற்கு ரூ.2.5 இலட்சம். பிரிமியத்தை அரசுகளே ஏற்கின்றன. மீனவர் செலுத்தவேண்டியது எதுவுமில்லை. ஆனால் அவருடைய பெயர் ஆண்டுதோறும் பட்டியலில் ஏறியிருக்கவேண்டும். அணைக்கரையில் குடிசை போட்டு, குடும்ப அட்டை வேறு மாவட்டத்திலும் உரிமம் மற்றொருவர் பெயரிலும் இருப்பவரின் பெயரை ஏற்றுவது மீன்வளத்துறைக் களப் பணியாளரின் பொறுப்பு. அவர் அக்கரைக்குச் செல்லத் தகுந்த நேரம், பரிசல்கள் திரும்பித் தராசு தூக்கப்படும் காலை ஐந்து மணி.